சக்கரம் தரையை விடும் இடம்

சக்கரங்களின் தடதடப்பு சட்டென்று நின்றுபோகிறது, யாரோ உள்ளங்கையால் பொத்திவிட்டதைப் போல, ஓடுதளத்தின் வெடிப்புகளும் வெடிப்பில் முளைத்த புல்லும் எனக்கடியில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன, ஆனால் அவற்றுக்கும் எனக்கும் ஒட்டில்லை, ஆள் உயரம் இருக்குமா, இருக்கும், இந்த இடத்தில்தான் இது நடக்கும் என்று இரண்டு வருடத்துக்கு முன்பு வரைபடத் தாளில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன், வகுப்பில் எழுந்து பதில் சொல்லத் தெரியாமல் பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவள், யாரும் கேட்காததால் எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொள்கிறவள், இறக்கைக்குப் பதினான்கு சதுர மீட்டர், ஆளோடு சேர்த்து நூற்றுத் தொண்ணூறு கிலோ, மணிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டருக்குக் கீழே காற்று தாங்காது, ஐம்பத்தைந்தில் தூக்கும், இந்தக் கணக்கை ஏழு முறை போட்டேன், ஏழு முறையும் அதே விடை. அண்ணன் ஜெயதுரை லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறான், அலுமினியக் குழாயை வளைப்பதில் அவன் கை சுத்தம், அதை நான் மறுக்கவில்லை, பழைய பைக் எஞ்சினை மெக்கானிக் இன்னாசி அண்ணன் பிரித்துப் பூட்டினார், நான் எழுதிக் கொடுத்த அளவில் ஒரு நூல் பிசகவில்லை, எல்லாம் முடிந்தபின் பெயிண்டர் வந்து விமானத்தின் வாலில் சிவப்பு எழுத்தில் ஜெயதுரை-1 என்று எழுதினார், பட்டறையே கைதட்டியது, நானும் தட்டினேன், அதை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை எரிகிறது.

அதற்குப் பிறகு இரண்டு மாதம், ஞாயிறுதோறும், யுத்த காலத்தில் போட்டுக் கைவிட்ட இந்த ஓடுதளத்தில் ஆடுகளை ஒதுக்கிவிட்டு விமானத்தைத் தரையிலேயே ஓட்டிப் பார்த்தவள் நான், அண்ணனுக்குப் பட்டறையில் வேலை, எடையும் எனக்குத்தான் குறைவு, சக்கரம் லேசாகும் வரை விரட்டுவேன், விசையைக் குறைத்துத் திரும்பிவிடுவேன், தூக்குகிற நாளில் மட்டும் நான் வேண்டாமாம், பொட்டப்பிள்ள, விழுந்து கை கால் ஒடஞ்சா நாளைக்கு எவன் வந்து கட்டுவான் என்றான், அவன் கை கால் ஒடிந்தால் என்னவென்று நான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை பூஜை, மதினி தட்டோடு வந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காதோரம் கேட்கிறாள், நான் தலையசைக்கிறேன், பொய் சொல்லியிருக்கலாம், வாயில் வரவில்லை, அப்ப நீ அந்த வேப்பமரத்துக்கிட்டயே நின்னுக்க பாப்பா, மூணு நாளைக்கு இதத் தொட்டுராத. நான் பிறப்பித்த பொருளை நான் தொடக் கூடாது, நூறடி தள்ளி நிற்கிறேன், பறக்கும் முன் பார்க்க வேண்டிய இருபத்திரண்டும் எழுதிய தாள் என் கையில் இருக்கிறது, முதல் வரி வேகமானியின் குழாய், இறக்கையிலிருந்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், வாய் பேனா ரீஃபில் அளவுதான், அதற்குள் அடிக்கும் காற்றுதான் வேக முள்ளை நகர்த்துகிறது, இந்தத் தாளைப் பார்க்கணும் என்று கத்துகிறேன், என் கத்தல் எனக்கே கேட்கவில்லை, எல்லாம் பாத்தாச்சு என்கிறான் அண்ணன், புது லாரிக்குச் செய்கிற அத்தனையும் செய்தார்கள், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், எஞ்சினுக்கு மாலை, நீட்டிக்கொண்டிருந்த முனைக்கெல்லாம் சந்தனம், குங்குமம்.

அண்ணன் தளத்தின் கடைசி வரை ஓட்டினான், முள் எழவில்லை, முள் ஐம்பத்தைந்தைத் தொடாமல் தூக்காதே என்று சொல்லிவைத்தவளே நான்தான், அந்த ஒன்றை மட்டும் கேட்டான், தூக்கவில்லை, தளம் தீர்ந்து உடைமரப் புதருக்குள் போய் நின்றது, துணியில் இரண்டு கிழிசல், அவன் இறங்கி வேட்டியைத் தட்டிக்கொண்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னான், பாப்பா போட்ட கணக்கு தப்பு, றெக்க பத்தல. கணக்கு தப்பு. ஏழு முறை போட்டது. ஞாயிற்றுக்கிழமை குழாய்களை அறுத்து லாரிக்குக் கேரியர் அடித்துவிடலாம் என்று அன்று சாயங்காலமே முடிவாகிவிட்டது, எஞ்சின் பைக்குக்கே திரும்பும், இரண்டு இரவு நான் அந்தக் கணக்கை எட்டாவது முறை, ஒன்பதாவது முறை போட்டேன், விடை மாறவில்லை, அப்படியென்றால் மாறியது வேறு ஏதோ.

இன்று ஞாயிறு, எனக்கு மூன்றாம் நாள், புதரிலிருந்து இழுத்து வந்து தளத்து முனையில் நிறுத்தியிருந்த விமானத்தின் கிழிசலைத் தொடக் கூடாத கையால் தைத்தேன், மேலே துணிநாடா ஒட்டினேன், தாளை எடுத்து முதல் வரியிலிருந்து தொடங்கினேன், குழாயின் வாயில் உதட்டை வைத்து ஊதினால் காற்று போகவில்லை, சந்தனம் மணத்தது. எஞ்சினைக் கழற்ற வந்த இன்னாசி அண்ணன் ஸ்பேனரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஊக்கை நுழைத்துக் குடைந்தேன், காய்ந்த சந்தனம் பொடியாக உள்ளங்கையில் உதிர்ந்தது, மெல்ல ஊதினேன், முள் இருபதுக்கு எழுந்து விழுந்தது. அறுக்கிற ரம்பத்தோடு வந்த அண்ணனிடம் உள்ளங்கையை நீட்டிக் காட்டினேன், அவன் சிரித்தான், சந்தனம் வச்சா ஓடாதுன்னா ஊருல ஒரு பஸ்ஸும் ஓடாதே தாயி, தப்ப ஒத்துக்க மாட்டியே. எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்தது, அது தைரியம் இல்லை, தைரியம் எனக்குக் கிடையாது, அது வெறும் கோபம், போய் இருக்கையில் உட்கார்ந்தேன், வாரை இறுக்கினேன், இன்னாசி அண்ணே, காத்தாடியச் சுத்துங்க. அவர் அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஸ்பேனரைத் தரையில் வைத்தார், நாமளுந்தான் பாப்போமே ஜெயதுரை என்று சுற்றிவிட்டார், எஞ்சின் பிடித்தது, விசையைக் கூட்டினேன், முப்பது, நாற்பது, ஐம்பது, முள் நடுங்கிக்கொண்டே ஏறியது, ஐம்பத்தைந்து.

தடதடப்பு இல்லாத பதினொரு விநாடி, எண்ணினேன், பிறகு விசையைக் குறைத்ததும் தரை வந்து இடித்தது, சக்கரங்கள் மறுபடி இரைந்தன, அண்ணன் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவந்து இறக்கைத் தாங்கியைப் பிடித்தான், முகமெல்லாம் சந்தோஷம், பொய்யில்லாத சந்தோஷம், அதுதான் தாங்க முடியவில்லை, எறங்கு பாப்பா, எறங்கு, ஃபோட்டோக்காரன வரச் சொல்லுதேன், நான் ஒரு ரவுண்டு போறேன். கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, கைய எடு, றெக்க திரும்பணும் என்றேன், என் குரல் எஞ்சினைத் தாண்டி அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும், எடுத்தான், வந்த வழிக்கே மூக்கைத் திருப்பினேன், இந்தப் பக்கம் எதிர்க்காற்று இல்லை, இன்னும் கொஞ்ச தூரம் கூடுதலாக ஓட வேண்டியிருக்கும், அதையும் மனசுக்குள் போட்டுக்கொண்டேன், முப்பது, நாற்பது, வெடிப்புகள், புல், ஐம்பது, பென்சில் புள்ளியைக் கடந்தேன், சக்கரங்கள் இன்னும் தடதடக்கின்றன, தடதடக்கட்டும்.