மாக்கெரிட்டா அனுப்பிய முந்நூறு டாலர்

மாக்கெரிட்டாவும் நானும் நியூசிலாந்தில், போரிருவாவில் ஒரே சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறோம். ஆஸ்பத்திரித் துணிதான் முழுக்க. அவள் அப்பா சமோவாவில் இறந்தபோது குடும்பத்தோடு போய்வந்தாள். நாலு பேருக்கு விமான டிக்கெட், சடங்குக்கு வாளி வாளியாக உப்பிட்ட மாட்டிறைச்சி, வந்தவர்களுக்குக் கொடுக்கும் பாய்கள், பாதிரியாருக்குப் பணம் வைத்த உறை. எல்லாம் கிரெடிட் கார்டில். திரும்பி வந்து பார்த்தால் பதினாலாயிரம் டாலர் கடன்.

முதல் வருஷம் மாதம் முந்நூறு கட்டினாள். வருஷக் கடைசியில் அசலில் தொள்ளாயிரம்கூடக் குறையவில்லை. மீதியெல்லாம் வட்டிக்குப் போயிருந்தது. கடன்பட்டவர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்லும் நைரி என்ற அம்மாளிடம் அவளைக் கூட்டிப்போனேன். நைரி வரவு செலவையெல்லாம் ஒரு தாளில் எழுதிவிட்டு, "மாசம் எழுநூறு கட்ட முடிஞ்சா ரெண்டு வருஷத்துல முடிஞ்சிடும். முடியுமா?" என்றாள்.

முடிந்தது. மாக்கெரிட்டா சனிக்கிழமையும் வேலைக்கு வந்தாள். இரண்டாவது காரை விற்றார்கள். அவள் புருஷன் சியாவோசி பஸ்ஸில் போனான். கோயில் காணிக்கையைப் பாதியாக்கினாள். அதுதான் அவளுக்கு மிகவும் வலித்தது. இருபது மாதத்தில் கடன் ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சத்துக்கு இறங்கியது.

அப்போதுதான் ஊரிலிருந்து தம்பி இயோசெஃபோவின் போன் வந்தது. டீ நேரம். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"அக்கா, அப்பாவோட பட்டம் எனக்குத்தான்! இனிமே குடும்பத் தலைவர் நான்தான். மே மாசம் சடங்கு."

"அடேய், நெசமாவா! ரொம்ப சந்தோஷம்டா!"

"உன் பங்கு அஞ்சாயிரம்னு சித்தப்பா சொல்லிட்டாரு."

"பாக்குறேன்டா" என்று வைத்துவிட்டு, பேங்க் கணக்கைப் போனில் திறந்து என்னிடம் காட்டினாள்.

"கார்டுல இன்னும் பன்னெண்டாயிரம் வரைக்கும் எடுக்கலாமாம், லெப்பேக்கா."

"அது யாரு காசு?"

"பேங்க் காசுதான். ஆனா அவன் என் தம்பியாச்சே."

எனக்கும் மூன்று தம்பிகள் இருக்கிறார்கள்.

மறுநாள் அதே நேரத்தில் பேங்குக்குப் போன் போட்டு, கார்டின் வரம்பை இரண்டாயிரமாகக் குறைக்கச் சொன்னாள். அது முடிந்ததும் தம்பிக்குப் போட்டாள்.

"முந்நூறு அனுப்புறேன் இயோசெஃபோ. அதுக்கு மேல முடியாது."

"முந்நூறா? ஒரு பன்னிகூட வராது! நியூசிலாந்து அக்கா வாரிக் கொடுப்பான்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். மைக்குல பேரும் தொகையும் வாசிப்பாங்க, தெரியுமில்ல?"

"வாசிக்கட்டும்."

"அப்பா சாவுக்கு மட்டும் அள்ளி விட்டியே?"

"அதத்தான்டா இன்னும் கட்டிக்கிட்டிருக்கேன்."

அந்தப் பக்கம் லைன் அறுந்தது.

மே மாதம் சித்தப்பா மகள் வீடியோ அனுப்பினாள். பாய்களை விரித்துக் காட்டினார்கள். பெயர்களை வாசித்தார்கள். ஆக்லாந்து அத்தை நாலாயிரம், சிட்னி மாமா ஆறாயிரம். "மாக்கெரிட்டா, போரிருவா, முந்நூறு" என்றபோது யாரோ சிரித்தது நன்றாகவே கேட்டது. மாக்கெரிட்டா போனை ஏப்ரன் பைக்குள் போட்டுவிட்டு மடித்த விரிப்பையே திரும்பவும் பிரித்து மடித்தாள்.

ஆகஸ்டில் கடன் தீர்ந்தது. கார்டை மூடச் சொன்னபோது பேங்க் பையன், "இத்தனை வருஷம் சேர்த்த பாயிண்ட்ஸெல்லாம் வீணாயிடுமே மேடம்" என்றானாம்.

"நீயே வச்சுக்கப்பா" என்றாளாம். அந்த வாரம் எங்கள் எல்லோருக்கும் அன்னாசிப்பழம் வைத்துச் சுட்ட பலகாரம் வாங்கி வந்தாள்.

தம்பி மட்டும் பேசவில்லை. ஞாயிறுதோறும் கோயிலிலிருந்து வந்ததும் அவள் கூப்பிடுவாள். அவன் எடுக்க மாட்டான். டிசம்பரில் அவனே கூப்பிட்டான். மழையைப் பற்றிப் பேசினான், ரக்பியைப் பற்றிப் பேசினான். கடைசியில்தான் கேட்டான்.

"எத்தன வருஷம் கட்டினக்கா?"

"மூணு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேட்டிருக்கலாம்ல?"

பிறகு அவன் அவள் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி விசாரித்தானாம். பட்டச் சடங்குக்குத் தானும் வாங்கியிருந்த கடனில் பாதியை அடைத்துவிட்டதாக, போனை வைக்கும்போது சொன்னானாம்.