கோடு அழிந்த தீபாவளி

பாகூர்க்காரர் சிங்காரவேலுவுக்குக் கரும்பில் குருத்துப்புழு எங்கே விழுந்திருக்கிறது என்று வரப்பில் நின்றபடியே சொல்லத் தெரியும். கட்டின பெண்டாட்டிக்கு ஆஸ்பத்திரியில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் மட்டும் திருதிருவென்று விழிப்பார்.

கலியம்மாளுக்கு மார்பில் புற்றுநோய். ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். இப்போது கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சு வைத்தியத்துக்கு, தினமும் புதுச்சேரிக்குப் பஸ் ஏற வேண்டும். மகள் சரண்யா அம்மாவோடு உள்ளே போவாள். இவர் டீக்கடையில் உட்கார்ந்துகொள்வார். "பொம்பள சமாச்சாரம், நமக்கு இன்னாத்துக்கு?" என்று சாக்கு வேறு. சாக்குதான், உண்மை பயம். ஆபரேஷன் ஆன நாளிலிருந்து அவள் பக்கம் திரும்பிப் படுத்ததில்லை. அவள் புடவை மாற்றினால் மாட்டைப் பார்க்கப் போய்விடுவார். இத்தனை வருஷம் பொங்கிப் போட்டவளிடம் இப்படி நடந்துகொள்கிறோமே என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டுதான் இருந்தது. அரித்து என்ன பயன்?

தீபாவளியன்று ஆஸ்பத்திரிக்கு லீவு. சரண்யா வில்லியனூரில் மாமியார் வீட்டில் இருந்தாள். காலையில் கலியம்மாள் ஒற்றைக் கையால் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். ஆபரேஷன் செய்த பக்கத்துக் கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. முன்னே ஏற்றிய மருந்தில் உதிர்ந்த முடி இப்போதுதான் முள்ளு முள்ளாக முளைத்திருந்தது. சிங்காரவேலு பக்கத்தில் வந்து கையை நீட்டினார்.

"குடு, நான் தேய்க்கறேன்."

"நீங்களா? மழதான் கொட்டப்போவுது" என்றாள். ஆனால் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டாள்.

தலை, கழுத்து, முதுகு என்று தேய்த்துக்கொண்டே முன்பக்கம் வந்தார். அப்போதுதான் அந்த இடத்தை முதன்முதலாகப் பார்த்தார். பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. நீளமாக ஒரு தழும்பு. அதைச் சுற்றிக் கழுத்தெலும்பிலிருந்து அக்குள் வரைக்கும் ஊதா ஊதாவாகக் கோடுகள்.

"இன்னாடி இது, மேலெல்லாம் இங்க்கு?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கறை போலிருக்கிறது என்று அவரே முடிவு செய்து, எண்ணெய் விட்டு, சீயக்காய் போட்டு, வெந்நீர் ஊற்றிப் பூப்போலத் தேய்த்தார். கோடு மொத்தமும் போய்விட்டது. அன்றைக்கு முழுக்க ஏதோ பாவம் கழிந்த மாதிரி சந்தோஷமாக இருந்தார்.

மறுநாள் டீ பாதியில் இருக்கும்போதே சரண்யா ஓடிவந்து கூப்பிட்டாள். கரண்ட் வைக்கும் அறை வாசலில் அங்கே வேலை செய்யும் பெண் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"கோடெல்லாம் எங்கம்மா? அத வெச்சிதான எந்த எடத்துல கரண்ட் வெக்கணும்னு எங்களுக்குத் தெரியும்? எண்ண, சோப்பு, எதுவும் படக்கூடாதுன்னு மொத நாளே சொன்னன் இல்ல?"

"அரிப்பு தாங்கல. நான்தான் தேச்சிக்கினேன்" என்றாள் கலியம்மாள்.

சிங்காரவேலு குறுக்கே வந்தார். "இல்லம்மா, நான்தான் தேச்சேன். அவளுக்கு ஒன்னும் ஆயிடாதில்ல? இதுவரைக்கும் வெச்சதெல்லாம் வீணா?"

"வீணாவாதுங்க. திரும்ப ஸ்கேன் எடுத்துக் கோடு போடணும். அதுவரைக்கும் வைத்தியம் நிக்கும். நடுவுல இப்பிடி நிக்கறது நல்லதில்ல."

சரண்யா ஸ்கேனுக்கு விசாரிக்கப் போனாள். பெஞ்சில் இவர்கள் இருவரும்தான். பத்து விரலையும் வெட்டிப் போடலாம் போல இருந்தது அவருக்கு.

"உனக்குத்தான் தெரியுமேடி. வேணாம்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாது?"

கலியம்மாள் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"சொல்லியிருந்தா கைய எடுத்திருப்பீங்க."

அவருக்கு அழுகை வந்துவிட்டது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவள் தடுக்கவில்லை, தேற்றவுமில்லை.

ஸ்கேனுக்குக் கூப்பிட்டார்கள். கூட ஒருவர் வரலாம் என்றதும் சரண்யா வழக்கம்போல முன்னால் வந்தாள்.

"நீ போய் டீ குடிம்மா" என்று சொல்லிவிட்டு, கலியம்மாளின் கையைப் பிடித்து எழுப்பினார் சிங்காரவேலு.