கால் கட்டைவிரலுக்கு ஒரு ஷேவிங்

படகு ஏரியின் நடுவுக்கு வந்த பிறகுதான் தையல்காரருக்குக் கால் ஈரமாயிற்று. குனிந்து பார்த்தார். கணுக்கால் வரை தண்ணீர்.

"மச்சான், அடைப்பானைப் போட்டியா?"

"நீங்க போட்டிருப்பீங்கன்னு நினைச்சேன் மாமா."

வாடகைப் படகைக் கரையில் ஏற்றி வைக்கும்போது, மழைத்தண்ணீர் வடிவதற்காக அடியில் உள்ள ஓட்டையைத் திறந்துவிடுவார்கள். தண்ணீரில் இறக்கும் முன் ரப்பர் அடைப்பானைச் சொருக வேண்டும். மூன்று பேராக மீன் பிடிக்க வந்த பதினெட்டு வருஷத்தில் இந்த இரண்டு ஆண்களும் அதைத் தொட்டதில்லை. அப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாத அளவுக்கு அவள் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தாள். அவள் என்றால் தையல்காரரின் மனைவி, மச்சானான சலூன்காரரின் அக்கா. இறந்து எட்டு மாதம் ஆகிறது.

இந்த எட்டு மாதத்தில் மச்சான் வீட்டுப் பக்கம் வந்தது இரண்டே முறை. இரண்டு முறையும் கடைக்கு நேரமாச்சு என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். தப்பு சொல்ல முடியாது; அக்கா இல்லாத வீட்டில் அவருக்கு என்ன வேலை? ஆனாலும் தையல்காரருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பிள்ளைகுட்டி இல்லாத மனிதர். மனைவியோடு மச்சானும் கைநழுவிப் போய்விட்டால் உரிமையோடு சண்டை போடக்கூட ஆள் கிடையாது. அதனால்தான் வெட்கத்தை விட்டு, "ஞாயித்துக்கிழமை மீன் பிடிக்கப் போலாமா?" என்று போன் போட்டார். மச்சானும் சரி என்றார். காலையிலிருந்து இருவரும் வெயிலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது பேச விஷயம் கிடைத்துவிட்டது.

"கண்ணை எங்கடா வச்சிருந்த?"

"உங்க கண்ணு மட்டும் எங்க மேஞ்சுதாம்?"

கத்தி ஓய்ந்ததும், வேறு வழி தெரியாமல் தையல்காரர் வலது காலின் கட்டைவிரலை ஓட்டைக்குள் விட்டு அழுத்தினார். முப்பது வருஷம் மிஷின் மிதித்த கால். சும்மா சொல்லக்கூடாது, அளவெடுத்துத் தைத்த மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது. மச்சான் தலைதெறிக்கத் துடுப்புப் போட்டார். காலையில் கரையிலிருந்தே தூண்டில் போட்டுப் பிடித்திருந்த ஒரே மீனும் இந்த அமளியில் துள்ளி வீடு போய்ச் சேர்ந்தது.

கரை வந்தது. விரல் வரவில்லை. மச்சான் காலைப் பிடித்து இழுத்தார். படகும் சேர்ந்து வந்தது.

எங்கே போனாலும் சலூன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறவர் அவர். படகிலிருந்த தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டு, ஷேவிங் கிரீமைப் பிதுக்கி, பிரஷை எடுத்தார். அவசரத்துக்கு அப்பிவிட்டால் போதாதா? கைப்பழக்கம் விடுமா! நுரை பொங்கப் பொங்க, சுழற்றிச் சுழற்றித் தடவினார். அப்புறம் கொஞ்சம் தள்ளி நின்று விரலை ஒரு பார்வை பார்த்து, "மீசையை வைக்கட்டுமா மாமா, எடுத்துடலாமா?" என்றார்.

தையல்காரர் வெடித்துச் சிரித்துவிட்டார். உடம்பு குலுங்கிய குலுக்கலில் விரல் பொளக்கென்று வெளியே வந்தது. ஆள் மல்லாந்து விழுந்தார். மச்சான் சிரிப்பை அடக்க முடியாமல் சேற்றிலேயே உட்கார்ந்தார்.

"அக்கா இருந்திருந்தா ரெண்டு பேரையும் துடுப்பாலயே சாத்தியிருப்பா" என்றார். சொல்லிவிட்டு அழுதார். தையல்காரரும் அழுதார்.

சத்தம் கேட்டு, இந்த வருஷம்தான் படகு வாடகைத் தொழிலுக்கு வந்திருந்த அம்மா ஓடிவந்தார். நுரை அப்பிய விரலையும் இரண்டு நரைத்த தலைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மச்சானிடம் கேட்டார்: "இவரு உங்களுக்கு யாருங்க?"

தையல்காரர் எழுந்து உட்கார்ந்தார். மச்சானின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மச்சான் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எங்க மாமாங்க. போறப்ப எங்க அக்கா இவரை என் தலையில கட்டிட்டுப் போயிட்டா. என்ன பண்றது, கடைசி வரைக்கும் நான்தான் வச்சுக் காப்பாத்தணும்."



"துடுப்பையே நேராப் போடத் தெரியல, நீ என்னைக் காப்பாத்தப் போறியா?" என்று தையல்காரர் ஆசை தீரச் சண்டையை ஆரம்பித்தார்.