வெளியே தள்ளும் காற்று

ஏசி மெக்கானிக் நிதானம் சுவரில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். காய்ச்சல்காரரின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல இருந்தது. தலைமாட்டுச் சுவர், கதவுப் பக்கச் சுவர், ஜன்னல் சுவர் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டு, கடைசியில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று புறங்கையை நீட்டிப் பார்த்தார். வந்து அரைமணி நேரமாகிவிட்டது. இயந்திரத்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

தபாலம்மாவுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. தபால் நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக முத்திரை குத்துகிறவள் அவள். ஒரு கடிதத்துக்கு ஒரு குத்து, அடுத்த கடிதம். மெக்கானிக்காக இருந்துகொண்டு இந்த மனிதர் வாங்கியிருக்கும் 'நிதானம்' என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை என்று நினைத்துக்கொண்டாள். அவருடைய உண்மைப் பெயர் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது.

"அண்ணே, இன்னைக்கு புதன். வெள்ளிக்கிழமை காலையில அவர் வீட்டுக்கு வந்துடுவார்."

"வரட்டும்மா. நல்லபடியா வரட்டும். அவர் எந்தப் பக்கம் தலை வச்சுப் படுப்பார்?"

அவள் கணவர் பேருந்து ஓட்டுநர். நுரையீரலில் சளி கட்டிப் பதினெட்டு நாளாக மருத்துவமனையில் கிடந்தார். பிழைத்ததே கடவுள் செயல். வீட்டுக்கு அனுப்புகிறேன் என்ற டாக்டர் கூடவே விரலை நீட்டிச் சொல்லியிருந்தார்: புகை கூடாது, குளிர் கூடாது, புழுக்கமும் கூடாது, அறை ஒரே சீராக இருக்கவேண்டும். இந்த வீட்டில் குளிர்காலத்துக்குக் கரியடுப்பு, வெயில் காலத்துக்கு மின்விசிறி, அவ்வளவுதான். குளிரோ தொடங்கிவிட்டது. "எனக்கு எதுக்கு ஏசி? நான் என்ன வெண்ணெயா, உருகிப்போக?" என்று கணவர் ஃபோனில் சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது. சூடும் குளிரும் இரண்டும் தருகிற இயந்திரம் வாங்குவது என்று அந்த இருமலைக் கேட்டபோதுதான் அவள் முடிவு செய்தாள்.

அன்று காலை அடுப்பைப் பற்றவைக்குமுன் வழக்கம்போலக் கைகூப்பி, வெள்ளிக்கிழமைக்குள் அறை தயாராக வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். கேட்டு முடித்துத் தலை நிமிர்வதற்குள் ஏசி கம்பெனிக்காரர் வாசலில் நின்றார். அறைக்குள் இரண்டடி வைத்தார், கையிலிருந்த பலகையில் எதையோ தட்டினார், "ரெண்டு டன் மேடம். வெளி யூனிட் சந்துப் பக்கம். நாளைக்குப் பத்து மணிக்கு மாட்டிடுவோம், கையெழுத்து மட்டும் போடுங்க" என்றார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது போலிருந்தது அவளுக்கு. கூட வேலை செய்கிறவள், "நிதானத்தையும் ஒரு வார்த்தை கேட்டுடுக்கா" என்று சொல்லியிருக்காவிட்டால் அப்போதே கையெழுத்துப் போட்டிருப்பாள்.

"ரெண்டு டன்னா?" நிதானம் இப்போதுதான் சிரித்தார். "இந்த ரூமுக்கு ஒரு டன் போதும்மா. கல்யாணப் பானையில ரெண்டு பேருக்கு ஆக்கினா என்ன ஆகும்? அடிதான் பிடிக்கும். பெரிய மெஷின் சட்டுனு சூடாக்கி நின்னுடும், மறுபடி ஓடும், மறுபடி நிக்கும். அவருக்கு வேண்டியது ஒரே சீரான காத்து." பிறகு எழுந்து, "வெளியே எங்க வைக்கிறதுன்னு பாக்கலாம் வாங்க" என்று சந்துக்கு நடந்தார்.

இரண்டு வீட்டுக்கும் நடுவே மூன்றடிச் சந்து. அவள் வீட்டுச் சுவருக்கு நேர் எதிரே பக்கத்து வீட்டு ஜன்னல். உள்ளே தையல் இயந்திரம் கடகடத்துக்கொண்டிருந்தது. நிதானம் சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், மறுபடியும் சுவரைப் பார்த்தார்.

"இங்க வச்சா குளிர்காலத்துல ஜில்லுனு ஒரு காத்து நேரா அந்த ஜன்னலுக்குப் போகும். விரல் மரத்துப்போனா அந்தம்மா ஊசியை எப்படிப் பிடிப்பாங்க? வெயில் காலத்துல உங்க ரூம் சூடு மொத்தமும் அவங்க மூஞ்சியில. சூடு எங்கயும் மறைஞ்சு போறதில்லம்மா. இந்த மெஷின் இங்கேயிருந்து எடுத்து அங்கே தள்ளும், அவ்வளவுதான்."

"கம்பெனிக்காரர் இங்கதான் மாட்டுறேன்னு சொன்னாரே."

"மாட்டலாம்மா. உங்க சுவர். யாரும் கேக்க முடியாது." சட்டைப் பையில் அளவு டேப்பைச் செருகினார். "நான் மாட்ட மாட்டேன்."

பின்சுவரில் வைக்கலாம், ஆனால் உத்தரத்தைச் சுற்றிக் குழாய் கொண்டுபோக மூன்று நாள் ஆகும். இன்னொரு வழி இருந்தது. பக்கத்து வீடு உயரம் குறைவு. தபாலம்மாவின் சுவரில் உச்சியில் மாட்டினால் காற்று அந்த மொட்டைமாடிக்கு மேலே வெட்டவெளியில் போய்விடும். யாருக்கும் தொல்லையில்லை. நாளைக்கே முடித்துவிடலாம். ஒன்றே ஒன்று: அந்த மொட்டைமாடியில் நின்றால்தான் கை எட்டும்.

"போய் ஒரு வார்த்தை கேளுங்கம்மா. நான் அதுக்குள்ள டீ குடிச்சிட்டு வரேன்."

ஒரு வார்த்தை. அந்த வார்த்தைதான் மூன்று வருடமாக இல்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரி தன் கணவருக்குத் தைத்த சட்டை தோளில் தொங்கிவிட்டதென்று அதை எடுத்துக்கொண்டு போய், ஐந்து பேர் துணியோடு நிற்கும்போது, "இதை ஆளுக்குத் தைச்சியா, கதவுக்குத் தைச்சியா?" என்று கேட்டிருந்தாள். ஐந்து பேரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இருவர் அடுத்த மாதமே வேறு தையல்காரரிடம் போய்விட்டார்கள். அது அவளுக்குத் தெரியும். அவர்கள் அனுப்பிய பொட்டலங்கள் தபால் நிலையத்துக்கு வேறு தையல் கடையின் பையில் வந்தன.

ஃபோன் அடித்தது. "மேடம், நாளைக்குப் பத்து மணி போட்டுடட்டுமா? அப்புறம் திங்கக்கிழமைதான் கிடைக்கும்."

அவள் சந்தின் நடுவில் நின்றாள். ஒரு பக்கம் தன் சுவர், ஒரு பக்கம் அந்த ஜன்னல். கேட்டதைக் கொடுக்கும்போது கடவுள் கேட்காத வேலை ஒன்றையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார். காலையில் வந்தவரைத்தான் அவர் அனுப்பினார் என்று நினைத்திருந்தாளே!

"வேண்டாம் சார். வேற ஆளு பாத்துட்டேன்" என்றாள். சொன்ன பிறகுதான், அந்த ஆள் வேலை செய்வதற்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை என்பது உறைத்தது. பக்கத்து வீட்டில் மாட்டேன் என்று சொல்லிவிட்டால் வெள்ளிக்கிழமை கணவரைக் கரியடுப்புப் பக்கத்தில்தான் படுக்கவைக்க வேண்டும்.

தையல்காரி கடையில் வேறு யாருமில்லை. வாயில் ஏழெட்டுக் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் ஒரு திரைச்சீலையின் மடிப்பைப் பிடித்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். பேச வழியில்லை. விட்டால் மடிப்பு போய்விடும்.

ஆகவே தபாலம்மா பேசவேண்டியதாயிற்று. மொட்டைமாடியைக் கேட்கத்தான் வந்தாள். வாயில் வந்தது வேறு.

"அன்னைக்கு அஞ்சு பேர் முன்னாடி நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. உன் பொழைப்புல கை வச்சுட்டேன். தெரிஞ்சும் மூணு வருஷமா வாயை மூடிக்கிட்டு இருந்தேன்." எதிரே ஊசிகள் அசையவில்லை. ஒருவரும் குறுக்கிடாததால் அவள் எல்லாவற்றையும் சொன்னாள்: பதினெட்டு நாளை, டாக்டரின் விரலை, காற்றை, சந்தை. "உன் மாடியில நின்னாதான் மாட்ட முடியுமாம். முடியாதுன்னு சொன்னாலும் நியாயம்தான். சந்துப் பக்கம் மட்டும் மாட்ட மாட்டேன்."

தையல்காரி கடைசி மடிப்பைக் குத்தினாள். மிச்சமிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து ஊசி குத்தும் குட்டித் தலையணையில் செருகினாள். அதற்கு வெகுநேரம் ஆனது போலிருந்தது.

"தோள் முக்கால் இஞ்ச் கூடித்தான் போச்சு" என்றாள். "நீங்க சொன்னது தப்பில்லக்கா. சொன்ன இடம்தான் தப்பு."

"ஆமா."

"மாமா இருமல் சத்தம் கேட்டு ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. முன்னெல்லாம் காலையில அஞ்சரைக்கு அவர் இருமினாத்தான் நான் எந்திரிப்பேன். சத்தமே இல்லன்னதும்..." திரைச்சீலையை உதறினாள். "யாரைக் கேக்குறதுன்னு தெரியாம இருந்தேன்."

தபாலம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அழாதீங்க, திரைச்சீலையில கறை பட்டா நான் என்ன பண்றது" என்றாள் தையல்காரி. "வெயில் காலத்துல அந்தச் சூடு மாடிக்கு மேலதானே வரும்? நல்லதாப் போச்சு. துவைச்ச துணி சீக்கிரம் காஞ்சிடும். மாடிச் சாவி அந்த ஆணியில தொங்குது, எடுத்துக்கோங்க."

மறுநாள் மாலை வெளிச்சம் மங்குமுன் இயந்திரம் ஓடியது. அறைக்குள் மெல்ல வெதுவெதுப்பு இறங்கியது. தபாலம்மா அந்த அறையின் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். எதிர் ஜன்னலில் தையல்காரி கையை வெளியே நீட்டியிருந்தாள். விரல் நுனியில் மெல்லிய வெள்ளைத் துணிக் கீற்று ஒன்று.

"காத்துல துணி ஆடுதாம்மா?" மாடியிலிருந்து நிதானத்தின் குரல் வந்தது.

துணி நேராகத் தொங்கியது.

"இல்லண்ணே" என்றாள் தையல்காரி.

"அவசரப்படாதீங்க. இன்னும் கொஞ்ச நேரம் பாருங்க."

இருவரும் அவரவர் ஜன்னலில் நின்று, மூன்றடிச் சந்துக்கு நடுவே அசையாமல் தொங்கும் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.