சிரில் அனுப்பிய எண்

பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி ஒன்றின் குடியிருப்போர் சங்கத்துக்குச் சிரில்தான் செயலாளர். அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஒரு பேர் இருந்தது.

அந்த வாரம் ஒரே எண்ணிலிருந்து ஓயாமல் அழைப்பு. அவர் பெயருக்கு வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறதாம், வங்கிக் கணக்கை முடக்கப் போகிறார்களாம். மலாய் மொழியில் ஓர் ஆண் குரல் மிரட்டும். ஐந்தாவது தடவை சிரிலுக்குப் பொறுமை போய்விட்டது. அந்த எண்ணைத் திரும்ப அழைத்தார். எடுத்தது ஒரு பெண். “யாருங்க?” என்று தமிழில் கேட்டாள்.

நம் ஆளே நம்மை ஏமாற்றுகிறாளே என்ற ஆத்திரத்தில் வாய்க்கு வந்தபடி திட்டினார். மனைவி பெர்னடெட் காதில் விழக்கூடாத வார்த்தைகள். தான் யாருக்கும் போன் செய்யவில்லை என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு அந்தப் பெண் வைத்துவிட்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் எண்ணைப் போட்டு, இது மோசடிக் கும்பல், தமிழ்ப் பெண்தான் பேசுகிறாள், எல்லாரும் கூப்பிட்டு நன்றாகக் கேளுங்கள் என்று எழுதினார். பலர் கேட்டார்கள். கேட்டதைப் பெருமையாகச் சொன்னார்கள். வேறு குழுக்களுக்கும் அனுப்பினார்கள்.

அடுத்த வாரம், விடுமுறை முடிந்து பினாங்கிலிருந்து திரும்பிய மூன்றாம் மாடி புனிதா, கதவைத் தட்டினாள்.

“அங்கிள், நீங்க போட்ட நம்பர் எங்க பெரியம்மாவோடது. ஸ்கேம் பண்றவன் கூப்பிடுறப்ப தன் நம்பரை மறைச்சு, யாரு நம்பரை வேணும்னாலும் காட்டுவான். நம்பருக்குச் சொந்தக்காரங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுலா.”

சிரிலுக்கு முகம் சுட்டது. பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த பெர்னடெட், குழுவில் இருந்ததைத் தன் போனில் மறுபடி படித்தாள். போனை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

சனிக்கிழமை காலை சிரில், புனிதாவின் பெரியம்மா இருக்கும் கிள்ளானுக்கு ரயிலேறினார். புனிதா முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். கதவைத் திறந்த பெரியம்மா நல்லம்மாளுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். கூடத்தில் அவள் கணவர் நாகையா, இரு கண்ணிலும் புரை விழுந்து, சத்தம் வந்த திசையில் முகத்தைத் திருப்பி, யார் வந்திருப்பது என்று கேட்டார்.

“புனிதா வீட்டுக்கிட்ட இருக்கவரு,” என்றாள் நல்லம்மாள்.

கணவரிடம் அவள் எதையும் சொல்லவில்லை என்று சிரிலுக்கு அப்போதுதான் புரிந்தது. சமையலறையில் தாழ்ந்த குரலில் சொன்னாள். பொழுது விடிந்தால் அழைப்புதான். பொறுக்கமுடியாமல் மூன்று நாள் போனை அணைத்து வைத்தாளாம். அந்த மூன்று நாளில்தான் மருத்துவமனை நாகையாவின் கண் அறுவைக்குக் கூப்பிட்டிருக்கிறது. ஆள் கிடைக்காததால் முறை அடுத்தவருக்குப் போய்விட்டது. இனி நான்கு மாதம் காத்திருக்க வேண்டும்.

“அக்கா...” என்று தொடங்கினார். அந்நேரம் போன் அடித்தது. அவள் அதை அவரிடம் நீட்டினாள்.

“நீங்களே பேசுங்க தம்பி.”

ஓர் இளைஞன் எடுத்த எடுப்பிலேயே வசை பாடினான். இப்படித்தானே தானும் பேசினோம் என்று சிரிலுக்கு உடம்பு கூசியது. இந்த எண்ணைப் பரப்பியது நான்தான், தவறு என்னுடையது என்றார். அப்படியானால் நீயும் அந்தக் கும்பல்தான் என்று சொல்லி அவன் வைத்துவிட்டான். நல்லம்மாள் போனை வாங்கிக்கொண்டு, தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

வீடு திரும்பியதும் சிரில் தன் பெயர் போட்டு நடந்ததைக் குழுவில் எழுதினார். பிறகு எண்ணைப் பரப்பியவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பேசினார். தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலைக் குழுவில் அந்த எண் இருந்தது. ஜெஞ்சாரோமில் ஓர் உரக்கடைக்காரரிடம் இருந்தது. ஒவ்வொரு முறையும் தான் யார், என்ன செய்தோம் என்பதை முதலிலிருந்து சொல்லவேண்டியிருந்தது. நல்லம்மாளுக்கு வந்த அழைப்புகள் மெல்லக் குறைந்தன, நிற்கவில்லை.

நான்கு மாதம் கழித்து அறுவைக்கு அவர்களைத் தன் காரில் கூட்டிப்போனார். நாகையாவிடம் அப்போதும் யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. மறுநாள் ஒரு கண்ணின் கட்டைப் பிரித்ததும் நாகையா முதலில் மனைவியைப் பார்த்தார். பிறகு சிரிலின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உங்கள மாதிரி மனுசங்க இந்தக் காலத்துல எங்க இருக்காங்க.”

நல்லம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரில் கையை விடுவித்துக்கொள்ளவும் முடியாமல், தலை நிமிரவும் முடியாமல் நின்றார்.