பச்சைப் பிடரிக் குதிரை

தையல் ஆலையில் நாற்பது மிஷின்களுக்கும் வைத்தியம் பார்ப்பவள் அவள். அங்கே மெக்கானிக்கம்மா என்றால்தான் தெரியும். வீட்டில் அவளுக்குக் குதிரைக்காரி என்று பெயர். வைத்தவர் பேருந்து ஓட்டும் கணவர். கிண்டல் செய்த அதே மனிதர்தான் குதிரைகளுக்கு இரண்டு அலமாரிகளைச் சுவரில் மாட்டிக் கொடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அலமாரியில் நூற்றுப் பன்னிரண்டு பிளாஸ்டிக் குட்டிக்குதிரைகள். எல்லாம் நாற்பது வருடத்துக்கு முந்தைய பொம்மைகள். சும்மா பார்ப்பவர்களுக்கு எல்லாமே ஒன்றுதான். ஆனால் ஒரே குதிரையை நான்கு நாடுகளில் நான்கு ஆலைகள் செய்தன. ஒரு நாட்டுக் குதிரைக்குக் குளம்பு தட்டை, இன்னொன்றுக்குக் குழி. ஒன்றுக்கு இமையில் மூன்று கோடு, மற்றதற்கு இரண்டு. இது தெரியாதவர்கள் குதிரையைப் பற்றி வாயே திறக்கக்கூடாது என்பது அவள் கட்சி.

எல்லாவற்றிலும் அவளுக்கு உயிர் அந்த நீலக்குதிரைதான். பழைய சாமான் கடையில், பொம்மைத் துணிகள் அடைத்த ஒரு பைக்கு அடியில் கிடைத்தது. நீலக்குதிரைக்கு உலகம் முழுக்க இளஞ்சிவப்புப் பிடரி. இதற்கோ கிளிப்பச்சை! குளம்பில் நாட்டின் பெயர் அச்சாகவில்லை. அப்படி அச்சில்லாமல் அனுப்பியது நான்கில் ஒரே ஒரு ஆலை. ஆக, அந்த நாட்டில் மட்டும் பச்சைப் பிடரியோடு விற்றிருக்கிறார்கள் என்று அவள் அடித்துச் சொன்னாள்.

பட்டியல்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. நாட்டுக்கு நாடு மாறும் குதிரைகளையெல்லாம் தொகுத்துப் புத்தகம் போடுபவர் அவர். சேகரிப்பவர்களுக்கு அவர் எழுதியதுதான் சட்டம். அவள் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு, ஆலைக்குதிரைக்குப் பிடரி முடியை இரண்டு வரிசையாகத் தைத்திருப்பார்கள், இதில் ஒரே வரிசை, ஆகவே யாரோ கையால் முடி மாற்றிய பொம்மை என்று சேகரிப்பவர்கள் எல்லோரும் படிக்கும் இணையக் குழுவில் போட்டுவிட்டார். ஏமாற்றுக்காரி என்று சொல்லாமல் சொன்னதுதானே அது? அவளோடு குதிரை மாற்றிக்கொண்டிருந்த மூன்று பேர் அதன்பின் பதில்கூடப் போடவில்லை.

நிரூபிக்க ஒரே வழிதான் இருந்தது. தலையைக் கழற்றிப் பிடரியின் உள்பக்கத்தைக் காட்ட வேண்டும். கையால் நட்டிருந்தால் துளைக்குத் துளை முடிச்சு இருக்கும். மிஷின் என்றால் தையல் அறுபடாமல் ஓடும். ஆனால் ஆலை ஒட்டிய கழுத்தை ஒருமுறை திறந்தால் திறந்ததுதான், திறக்காத குதிரை என்ற மதிப்பு அத்தோடு போய்விடும். பழைய பிளாஸ்டிக் வேறு, பிளந்துகொண்டால் குதிரையே போச்சு. "வேணாம், வீம்புக்குப் பண்ணாதே" என்று கணவர் தலையில் அடித்துக்கொண்டார். அவள் பிடித்த பிடியை விடவில்லை.

சேகரிப்பவர்களின் வருடாந்தரக் கூட்டத்துக்குக் குதிரையோடு போனாள். கணவர் முணுமுணுத்துக்கொண்டே வெந்நீர் பிளாஸ்க்கைத் தூக்கிவந்தார். பட்டியல்காரரின் மேசையிலேயே ஒரு கிண்ணத்தை வைத்து வெந்நீரை ஊற்றி, பசை இளகட்டும் என்று கழுத்து மட்டும் நனையும்படி குதிரையைப் பிடித்துக்கொண்டாள். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. பட்டியல்காரருக்கே மனசு கேட்கவில்லை, வேண்டாம் விடுங்கள் என்றார். அவள் மெல்லிய தகட்டைக் கழுத்து விளிம்பில் நுழைத்து, இம்மி இம்மியாகச் சுற்றினாள். டப்பென்று ஒரு சத்தம் வந்தது. கணவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பிளந்தது பிளாஸ்டிக் இல்லை, பசைதான் விட்டுக்கொடுத்திருந்தது. தலை முழுசாக அவள் கையில் இருந்தது. அதைக் கவிழ்த்து விளக்கடியில் பிடித்தாள். நெற்றியிலிருந்து கழுத்துவரை ஒரே சங்கிலித் தையல், முடிச்சு என்று பேருக்குக்கூட ஒன்று இல்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

பட்டியல்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இருமுறை பார்த்தார். அப்படியானால் ஏன் ஒரே வரிசை என்று கேட்டார், இந்த முறை தெரிந்துகொள்வதற்காக.

"ரெண்டு வரிசைன்னா ரெட்டை ஊசி மிஷின். அந்த ஆலைக்கு ஒத்தை ஊசிதான் வாய்ச்சிருக்கு. இருபத்தாறு வருஷமா இந்த மாதிரி மிஷினைத்தாங்க கழட்டி மாட்டிக்கிட்டிருக்கேன். மிஷின் தச்சது எது, கை தச்சது எதுன்னு எனக்குத் தெரியாதா?"

கூட்டத்தில் யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். பதில் போடாத மூன்று பேரில் ஒருத்தி அவளைக் கட்டிக்கொண்டாள். கணவர், தன் பக்கத்தில் நின்றவரிடம், அது என் வீட்டுக்காரி என்றார். அவர் கேட்கவே இல்லை, இவராகத்தான் சொன்னார்.

பட்டியல்காரர் புதுப் பதிப்பின் கையெழுத்துப் பிரதியை எடுத்து, தான் எழுதியது தப்பு என்று எல்லோர் முன்னாலும் சொல்லி, பச்சைப் பிடரிக்குத் தனி வரி போட்டார். பொம்மையின் நிலை என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"தலை திறந்ததுன்னு போட்டா மதிப்பு குறைஞ்சிடும்மா. என் மேலதான் தப்பு. அந்தக் கட்டத்தைக் காலியா விட்டுடட்டுமா?"

"எதுக்குக் காலியா விடணும்? தலை திறந்ததுன்னே எழுதுங்க. திறந்தது ஒரு தையல் மிஷின் மெக்கானிக்னு பக்கத்துலயே எழுதுங்க."

அவர் எழுதினார். எழுதி முடிக்கும்வரை, திறந்த குதிரையைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் பக்கத்திலேயே நின்று பார்த்தாள்.