மடிக் கிணறும் கம்பூசி மீனும்

மயிலாப்பூர்க் கொசுவுக்கும் மற்ற பேட்டைக் கொசுவுக்கும் வித்தியாசம் உண்டு. மற்ற இடங்களில் கொசு வந்த வேலையை முடித்துக்கொண்டு போய்விடும். தெற்கு மாட வீதியை ஒட்டிய நந்தவனச் சந்தில் அப்படியில்லை. முதலில் காதருகே வந்து சுருதி சேர்க்கும். பிறகு நிதானமாக ஆலாபனை. ஆள் சொக்கிப்போய்த் தலையாட்டினால்தான் கடி. மார்கழிக் கச்சேரி ஒன்றுவிடாமல் கேட்டவர்களின் ரத்தத்தைத் தலைமுறை தலைமுறையாகக் குடித்து வளர்ந்த ஜாதி, வேறு எப்படி இருக்கும்?

இந்த வித்வான்களோடு மல்லுக்கட்டும் பொறுப்பு மண்டல சுகாதார அதிகாரி டாக்டர் இசக்கியம்மாளுடையது. மெட்ராஸ் சென்னையாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அலுவலகத்துக்குப் புதுப் பெயர்ப்பலகை வந்துவிட்டது, கொசு மருந்து வரவில்லை. ஒரு ஜீப் இருந்தது. அது தள்ளாமல் கிளம்பியதைக் கண்ணால் பார்த்தவர்கள் எல்லாரும் ஓய்வு பெற்றுப் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். ஒரு புகை மெஷின் இருந்தது. அதைக் கிளப்பினால் தெருவில் கொசுவைத் தவிர மற்ற எல்லாரும் இருமிக்கொண்டு ஓடுவார்கள். ஆட்களில் பாதிப் பேர் காகிதத்தில் மட்டும் இருந்தார்கள். மீதிப் பேரில் ஒருவர் எப்போதும் திருப்பதிக்குப் போயிருந்தார்.

ஆனால் டாக்டரிடம் ஒரு குரல் இருந்தது. திருநெல்வேலிச் சீமைக் குரல். தி. நகர் அலுவலக மாடியில் அவர் தும்மினால் பனகல் பார்க் புறாக்கள் ஒரு வட்டம் அடித்துவிட்டு வந்து உட்காரும்.

அந்த வருஷம் நந்தவனச் சந்திலும் அதன் பின்னாலிருந்த குடிசைகளிலும் மலேரியா வந்தது. வந்தது என்றால் சும்மா இல்லை. மார்கழியின் உச்சி வெயிலிலும் சந்து முழுக்கக் கம்பளி போர்த்திக்கொண்டு நின்றது. வழியாகப் போன ஐஸ்காரர் ஊட்டிக்கு வந்துவிட்டோமோ என்று பயந்து வண்டியைத் திருப்பினார்.

மலேரியாக் கொசு சாக்கடையில் முட்டையிடாது. அதற்கும் ஆசாரம் உண்டு, நல்ல தண்ணீர்தான் வேண்டும். சந்தில் வீட்டுக்கு வீடு கிணறு. மருந்து இல்லாத டாக்டர் மீனைக் கையிலெடுத்தார். சுண்டு விரல் நீளம்கூட வராத கம்பூசியா மீன். கிணற்றில் விட்டால் கொசுப்புழுவைப் பந்தியில் உட்கார்ந்தது போலச் சாப்பிடும். அலுவலகத்தில் எல்லாரும் செல்லமாகக் கம்பூசி என்பார்கள். அதைக் குடத்தில் வைத்து வீடு வீடாகத் தூக்கிப் போனவர் களப்பணியாளர் அம்மாசி.

ஒவ்வொரு வீடாகச் சண்டை போட்டு எல்லாக் கிணற்றிலும் மீன் விட்டாயிற்று. ஒரே ஒரு வீடு பாக்கி. சந்து நலச் சங்கத் தலைவர், ஓய்வு பெற்ற வக்கீல் வெங்கடரமணன் வீடு.

"எங்காத்துக் கிணத்துல மீனா? பேஷ். நாளைக்கு நண்டு கொண்டு வருவேளா?" என்றார் வக்கீல். "இது மடிக் கிணறு டாக்டர். ஆத்து மனுஷாளே ஸ்நானம் பண்ணாம இந்தக் கயத்தைத் தொட மாட்டா. சந்துல எல்லாராத்துப் பூஜைக்கும் இங்கேர்ந்துதான் ஜலம் போறது."

"கொசுப்புழு மட்டும் குளிச்சிட்டா சார் இறங்குது?"

"சாமியே மீனா வந்துச்சாமே சார்," என்று அம்மாசி சமாதானம் சொல்லிப் பார்த்தார்.

"அவதாரம்னா ஒரு தடவை வந்துட்டுப் போயிடும். நீ கொண்டு வரது குடும்பம் நடத்தும்," என்று வக்கீல் கதவைச் சாத்திவிட்டார். அவர் மனைவி கோமளம் சாத்திய கதவின் ஜன்னல் வழியாகக் குடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இது தை பிறப்பதற்கு முந்திய கதை. அன்றைக்கு அந்தக் கிணற்றை எட்டிப் பார்த்த டாக்டரின் கண்ணில் பட்ட புழுக்கள் திருவிழாக் கூட்டம் போல நெளிந்துகொண்டிருந்தன. ஒரு கிணற்றை விட்டுவைத்தால் சந்து முழுக்கச் செய்த வேலை வீண் என்று அவருக்குத் தெரியும். ஆனால் வக்கீலுக்குத் தலைமை அலுவலகத்தில் ஆள் இருந்தது. பங்குனியில் புகார் பறந்தது. சைவச் சந்தில் மீன் வளர்க்கிறார்கள், வரி கட்டுகிறவர்களுக்குப் புகை கூடப் போடுவதில்லை.

தலைமை அலுவலகத்திலிருந்து துணை அதிகாரி சுவாமிநாதன் தொலைபேசியில் வந்தார்.

"மேடம், எல்லாக் கிணத்துலேர்ந்தும் மீனை எடுத்துடுங்கோ. ரெண்டு நாள் புகை போட்டுடுங்கோ. ஜனங்க திருப்தியாயிடுவா."

"புகை போட்டா கொசு பக்கத்துத் தெருவுக்கு டூர் போயிட்டு வரும் சார். மீன் போட்ட பொறவு சந்துல காய்ச்சல் பாதியாக் கொறைஞ்சிருக்கு. எடுத்தா திரும்ப ஏறும். பின்னால குடிசைல கைப்பிள்ளைய வச்சிருக்கவ எல்லாம் இருக்கா. எடுக்க மாட்டேன்."

"இது உத்தரவு."

"நானும் உத்தரவாத்தான் சொல்லுதேன்."

"உங்களைப் பிறப்பு இறப்புப் பதிவுக்கு மாத்திடுவாங்க."

"அங்க போனா செத்தவங்க பேர எழுதணும். இங்க இருந்தா எழுத வேண்டியதக் கொறைக்கலாம். அதான் இங்கயே இருக்கேன்."

சுவாமிநாதன் தானே நேரில் வருவதாகச் சொன்னார்.

"வாங்க. புகார் குடுத்தவங்களயும் வரச் சொல்லுங்க. மீன் வேண்டாங்கிறவங்க அவங்க கையால பிடிச்சு வெளிய போடட்டும். என் ஆளுக்கு மீன விடத்தான் தெரியும், பிடிக்கத் தெரியாது," என்று டாக்டர் போனை வைத்தார். வைத்த சத்தத்தில் கீழ்த் தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு குமாஸ்தா விழித்து வேலையே பார்த்தார் என்று அலுவலகத்தில் இன்றைக்கும் பேச்சு.

சுவாமிநாதன் வந்த அன்று நல்ல வெயில். வக்கீல் வீட்டு முற்றத்தில் சங்கம் முழுக்கக் கூடியிருந்தது. கோமளம் எல்லாருக்கும் நீர்மோர் கொண்டு வந்தார். பெருங்காயமும் கறிவேப்பிலையும் மணக்க, பானையில் வைத்த குளிர்ச்சி. வந்த களைப்பில் சுவாமிநாதன் ஒரு டம்ளரை மடமடவென்று குடித்து, கேட்டு இன்னொன்றும் வாங்கிக்கொண்டார்.

"மடி ஜலத்துல கரைச்சது. தேவாமிர்தம்," என்றார் வக்கீல்.

"நீங்க குடிக்கலையா டாக்டர்?" என்று கேட்டார் கோமளம்.

"காய்ச்சாத தண்ணில கரைச்சதை நான் வெளிய குடிக்கிறதில்ல மாமி. கோவிச்சுக்காதீங்க."

முற்றத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கோமளம் கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் சிரித்த மாதிரிகூட இருந்தது.

வக்கீல் எழுந்து நின்றார். வழக்கில்லாமல் துருப்பிடித்துக் கிடந்த மனிதருக்கு அன்றைக்கு ஹைகோர்ட்டே வீட்டுக்கு வந்த மாதிரி. "சந்துல எல்லாக் கிணத்துலயும் மீன் இருக்கு. என் கிணத்துல இல்ல. டாக்டர் வாதப்படி என் கிணறு புழுவா இருக்கணும், இல்லையா? மொண்டு பார்ப்போம். ஒரே ஒரு புழு வந்தாலும் நானே மீனைக் கொண்டு வந்து விடறேன். வரலேன்னா, சந்து பூரா மீனை எடுத்துட்டு டாக்டர் பதிவுக்குப் போயிடணும். சம்மதமா?"

சுவாமிநாதன் டாக்டரைப் பார்த்தார். இசக்கியம்மாளுக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். மார்கழியில் கண்ணால் பார்த்த புழுக்கூட்டம் இந்நேரம் பேரன் பேத்தி எடுத்து ஒரு தாலுகாவே ஆகியிருக்கும்.

"சம்மதம்," என்றார். "இறக்குங்க வாளிய."

ஓரத்தில் நின்ற அம்மாசிக்குத் திடீரென்று புரையேறியது. "டாக்டரம்மா, ஒரு நிமிட்டு..." என்று ஏதோ சொல்ல வந்தார்.

"நீரு சும்மா இரும்வே."

அம்மாசி வாயை மூடிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

அம்மாசி கயிற்றைத் தொடக் கூடாது, டாக்டர் தொடவே கூடாது. ஆகவே அதிகாலையிலேயே குளித்திருந்த வக்கீல் பஞ்சகச்சத்தை இறுக்கிக்கொண்டு தானே பித்தளை வாளியை விட்டார். ராட்டினம் கிறீச்சிட்டது. தொம்மென்று விழுந்து மேலே வந்த வாளியை டாக்டர் குனிந்து பார்த்தார். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. தன் முகம்தான் தெரிந்தது, அதுவும் கொஞ்சம் வெளிறி.

"இன்னொண்ணு," என்றார்.

இன்னொன்றிலும் இல்லை. புழு இல்லை, புழுவின் நிழல்கூட இல்லை. குடிசையில் போன வாரம்தான் காய்ச்சல் தெளிந்து எழுந்து உட்கார்ந்த பிள்ளைகள் வரிசையாக டாக்டரின் கண்முன் வந்தார்கள். இந்த ஒரு வாளியை நம்பி அத்தனை பேரையும் அடகு வைத்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார். சங்கத்தில் யாரோ கைதட்டினார்கள். சுவாமிநாதன் பேனாவைத் திறந்தார்.

"பொறுங்க சார்," என்றார் இசக்கியம்மாள். தோற்றாலும் முறையாகத் தோற்க வேண்டும் என்கிற ஜாதி அவர். "இப்படித் தொம்முன்னு போட்டா புழு அடிக்குப் போயிரும். வாளிய அலுங்காம, சாய்ச்சு, மேல் தண்ணிய மட்டும் மொள்ளணும். அதான் எங்க முறை. ஒரே ஒரு தடவை."

"ஒரு தடவை என்ன, சாயங்காலம் வரைக்கும் மொள்றேன்," என்றார் வக்கீல் பெருந்தன்மையாக. குழந்தையைத் தொட்டிலில் விடுவது போல வாளியை இறக்கினார். சாய்த்தார். மொண்டார். வேஷ்டி நனையாமல் மெல்ல இழுத்துக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தார்.

வாளிக்குள் ஒரு கம்பூசி நீந்திக்கொண்டிருந்தது. வளைகாப்புக்குத் தயாரான வயிறு. அதைச் சுற்றிச் சீரகம் சீரகமாகப் பிள்ளைகள். அப்பேர்ப்பட்ட குடும்பத்தைக் கலைக்க மனமில்லாமல் ஒரு பெரியவரும் ஓரமாக வாலாட்டிக்கொண்டிருந்தார்.

சந்தின் கொசுக்கள்கூட ஆலாபனையை நிறுத்தி வாளியை எட்டிப் பார்த்தன.

"இது சதி," என்றார் வக்கீல். குரல் கீச்சென்று வந்தது. "டேய் அம்மாசி, நீதானே போட்டே?"

"கயித்தையே தொடக் கூடாதுன்னு நிக்க வெச்சுக்கினு கீறீங்க. நான் எப்டி சார் போடுவேன்?"

"நான்தான் போட்டேன்," என்றார் கோமளம்.

மோர்ச் செம்பை இடுப்பில் வைத்தபடி, கறிகாய் விலை சொல்கிற மாதிரிதான் சொன்னார். "பொங்கலுக்கு முன்னாடியே, கொல்லை வாசல்ல அம்மாசிகிட்ட ரெண்டு கேட்டு வாங்கினேன். யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு சத்தியம் வேற வாங்கிண்டேன். மார்கழில உங்களுக்குக் குளிர் ஜுரம், பஜனைப் பனி ஒத்துக்கலைன்னு ஊரெல்லாம் சொன்னேளே. என்ன ஜுரம்னு நீங்க சொல்றேளா, நான் சொல்லட்டுமா?"

வக்கீல் ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லஸ்ல ஒரு டாக்டர்கிட்ட ரகசியமாப் போய் மலேரியாவுக்கு மாத்திரை சாப்பிட்டார். நம்மாத்துல மலேரியான்னா கௌரவம் என்னாறதுன்னு. கட்டிலோட சேர்ந்து நடுங்கினார். நாலு கம்பளி போர்த்தி மேல நானும் உக்காந்துண்டேன், என்னையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுது. இன்னொரு தடவை அப்படி உக்கார என்னால முடியாது. மடியாவது மண்ணாவது."

சந்தின் முதல் மலேரியா எந்த வீட்டில் வந்தது என்று தேடித் தேடி அலுத்திருந்த டாக்டருக்கு இப்போதுதான் விடை கிடைத்தது. வேண்டியதைக் கோமளமே பேசிக்கொண்டிருந்தார்.

"அப்போலேர்ந்து தினம் பூஜை இந்த ஜலத்துலதான். உங்கப்பா ஸ்ராத்தம் இந்த ஜலத்துலதான், சாஸ்திரிகள் ரெண்டு தரம் ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சந்துல எல்லாராத்துக்கும் தீர்த்தம் போனதும் இதுதான். இதோ இப்போ மோரும் அதுதான்."

சுவாமிநாதன் கையிலிருந்த இரண்டாவது டம்ளரைப் பார்த்தார். காலி. சங்கத்து ஆட்கள் தங்கள் தங்கள் டம்ளரைப் பார்த்தார்கள். அந்த முற்றத்தில் மடி கெடாத ஒரே ஆத்மா, மோரை வேண்டாமென்ற இசக்கியம்மாள்தான்.

வக்கீலின் முகத்தில் கணக்கு ஓடியது. கிணறு தீட்டு என்றால் ஸ்ராத்தம் தீட்டு, பூஜை தீட்டு, சந்து முழுக்கத் தீட்டு, தலைமை அலுவலகமும் தீட்டு. பிராயச்சித்தம் செய்ய ஆரம்பித்தால் காவிரியே காணாது. சும்மாவா வக்கீலாக இருந்தார்? தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பார்க்கப் போனா, இந்தக் கிணத்துல ஆதியிலேர்ந்தே மீன் உண்டு. எங்க தாத்தா சொல்லுவார். கோயில் குளத்துல இல்லையா? ஓடற ஜலத்துல, ஊறற ஜலத்துல எல்லாம் அது இருக்கறதுதான்."

கோமளம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்.

"அப்ப புகார்?" என்று கேட்டார் டாக்டர்.

"எந்தப் புகார்?" என்றார் வக்கீல்.

சுவாமிநாதன் பேனாவை மூடினார். "மீன் அங்கேயே இருக்கட்டும். எல்லாக் கிணத்துலயும்." அவர் முகம் நீர்மோர் புளித்தது போல இருந்தது. "ஆனா மேடம், மேலதிகாரி சொல்லியும் முடியாதுன்னீங்களே, அதுக்கு மெமோ வரும். அதை நான் நிறுத்த முடியாது."

"அனுப்புங்க சார்," என்றார் இசக்கியம்மாள். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "மாமி, ஒரு குடம் தண்ணி மொண்டு தாரீங்களா? பிள்ளைகளோட."

மடிக் கிணற்றுக் கம்பூசிகள் பித்தளைக் குடத்தில் தளும்பத் தளும்ப வெளியே வந்தன. தி. நகரில் வைரவன் ஜவுளிக்கடை மொட்டைமாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. மாமல்லபுரம் கோயிலையே உள்ளே இறக்கிவிடலாம், அவ்வளவு பெரிது. அதற்கு மூடி கிடையாது. புழு கிடையாது என்று முதலாளி கோயில் கோயிலாகச் சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தார்.

"அந்தாளு வாசல் கேட்டை சாத்திருவாரு டாக்டரம்மா," என்றார் அம்மாசி. "மந்திரிக்கு சொந்தமாம்."

"சாத்தட்டும். ஏறிக் குதிப்போம். மயிலாப்பூர் மடி மீன், இத வேண்டாம்னு எவன் சொல்லுதான்னு பாக்கேன்."

ஜீப் வழக்கம்போலக் கிளம்பவில்லை. அம்மாசி தள்ளினார், போதவில்லை. சங்கத்து ஆட்கள் தள்ளினார்கள், அசைந்தது. கடைசியில் வேறு வழியில்லாமல் துணை அதிகாரி சுவாமிநாதனும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பின்னால் தோள் கொடுத்தார். கபாலி கோயில் தேர் நகர்வது போல வண்டி நகர்ந்தது. இருமியது. பிடித்துக்கொண்டது.

மடியில் குடத்தோடு உட்கார்ந்திருந்த இசக்கியம்மாள் வெளியே தலையை நீட்டினார். மாட வீதி முழுக்கக் கேட்டது.

"சார், அந்த மெமோவ நல்ல தடிமனான காகிதத்துல அனுப்பச் சொல்லுங்க. தொட்டி மூடியில்லாமக் கெடக்கு."